பார்வதியக்காவின் துருக்கி

"துருக்கி படிப்பிக்கிறது இங்கையோ?"

கொட்டகை வாசலில் நின்று கேட்டவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஒரு கையில் குடை, மறு கையில் செருப்பு. காலையில் பெய்த மழையில் எங்கள் ரியூசன் கொட்டகையைச் சுற்றி ஒரே சேறு. செருப்புப் பழுதாகக் கூடாதென்று வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார். பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வாங்கில் யாரோ சிரித்ததும் கேட்டது.

புதுக்குடியிருப்பில் உயர்தர மாணவர்களுக்கு அரசறிவியல் படிப்பிப்பது என் தொழில். வகுப்பு நடக்கும்போது குறுக்கே யாரும் வந்தால் எனக்குப் பிடிக்காது. பெற்றோராக இருந்தாலும் வெளியே நிற்கச் சொல்லிவிடுவேன். ஆனால் இப்படி ஒரு கேள்வியோடு யாரும் அதுவரை வந்ததில்லை.

"துருக்கி எண்டு தனிய ஒரு பாடம் இல்லை அக்கா. அரசறிவியல்தான் படிப்பிக்கிறன். அதுக்குள்ள துருக்கியும் வரும்" என்றேன்.

"அது காணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கடைசி வாங்கில் இருந்தார்.

அவர் பெயர் பார்வதி. தர்மபுரத்தில் தோட்டம் செய்கிறவர். அவருடைய ஒரே மகன் கோகுலன் அப்போது இஸ்தான்புல்லில் இருந்தான். துருக்கியின் தென்கிழக்கில் பெரிய பூமியதிர்ச்சி வந்து ஊர் ஊராக இடிந்து கிடந்த நாட்கள் அவை. "எனக்கு ஒண்டுமில்லை அம்மா, அது தூரம்" என்று மகன் போனில் சொல்லியிருக்கிறான். தாய் நம்பவில்லை. யுத்தத்தில் எறிகணைச் செல் விழுவது தூரத்தில்தான், எங்களுக்கு ஒன்றுமில்லை என்று எல்லாரும் எல்லாருக்கும் சொன்ன ஊர் எங்களுடையது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னிடம் படிக்கிறவள். எங்கள் டீச்சர் துருக்கியைப் படம் கீறிக் காட்டுகிறவர் என்று அவள் சொல்ல, இவர் பஸ் ஏறிவிட்டார்.

நான் பலகையில் கீறினேன். இஸ்தான்புல் இங்கே, பூமி அதிர்ந்தது அங்கே. எவ்வளவு தூரம் என்று கேட்டார். கிலோமீற்றரில் சொன்னால் அவருக்கு ஆறுதல் வராது என்று தெரிந்தது. எங்கள் நாட்டின் வடக்கு முனையான பருத்தித்துறையிலிருந்து தெற்கு முனையான தெய்வேந்திரமுனைக்குப் போய் அப்படியே திரும்பி வருகிற தூரம் என்றேன்.

அவர் மூச்சு விட்டது முன்வாங்குக்கும் கேட்டது. அதற்குப் பிறகு எழுந்து போவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தார்.

மதில்மேல் பூனை

ஏன் துருக்கி என்று சக ஆசிரியர்களும் என்னைக் கேட்பதுண்டு. வெளிநாட்டுக் கொள்கை என்றால் இந்தியா, அணிசேராமை, சீனா என்று ஒரே தடத்தில் ஓடுவது எனக்கு அலுத்துப்போனது. பிள்ளைகள் குறிப்பை மனப்பாடம் செய்து கொட்டுவதற்கு அது வசதி. எனக்கு அந்த வசதி எரிச்சல்.

துருக்கியை எடுத்தால் பாடத்திட்டத்தில் பாதி அதற்குள்ளேயே கிடக்கிறது. ஒரு தளபதி குடியரசை உண்டாக்கி மதத்தை அரசின் படலைக்கு வெளியே நிறுத்தினார். பிறகு வந்த இராணுவம் பிடிக்காத அரசாங்கங்களைத் தூக்கித் தூக்கி வைத்தது. முக்காடு போட்ட பெண்பிள்ளைகளை ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்துக்குள் விடவில்லை. அந்தக் கோபத்தின் வாக்குகளில் ஒரு கட்சி ஆட்சிக்கு வந்தது. அதன் தலைவர் இருபது வருடமாக இருக்கிறார், பிரதமராக இருந்து ஜனாதிபதியாகி, நாட்டின் முறையையே ஜனாதிபதி முறையாக மாற்றிக்கொண்டு. நடுவில் ஒரு இராணுவப் புரட்சி தோற்றது. அதன் பெயரால் வேலை இழந்த ஆசிரியர்களும் சிறைக்குப் போன பத்திரிகைக்காரர்களும் அநேகம்.

வெளியுறவு இன்னும் சுவாரசியம். மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டில் இருந்துகொண்டு ரஷ்யாவிடம் ஏவுகணை வாங்குகிறது. யுக்ரேனுக்கு ட்ரோன் விற்றுக்கொண்டே ரஷ்யாவோடு வியாபாரம் செய்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து தானியக் கப்பலுக்கு வழியும் பேசிக்கொடுக்கிறது.

"அப்ப மதில்மேல் பூனையோ டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"மதில்மேல் பூனை எண்டால் எந்தப் பக்கம் பாயும் எண்டு தெரியாத ஆளைச் சொல்லுறது. இது பாயிற எண்ணமே இல்லாத பூனை. இரண்டு வளவிலையும் மீன் வெட்டினால் இரண்டு பக்கமும் பாத்துக் கத்தும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பார்வதியக்கா சிரிக்கவில்லை. "மதிலுக்குக் கீழ நிக்கிற ஆக்களை என்ன செய்யும்?" என்று கேட்டார். அது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நிஸார் நானாவின் துருக்கி

கொட்டகைக்குப் பக்கத்தில் நிஸார் நானாவின் துணிக்கடை. முல்லைத்தீவுக்காரர். இளவயதில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து வெளியேற்றப்பட்டு, குடும்பத்தோடு புத்தளத்தில் பல வருடம் இருந்து, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தவர். இந்தத் தொடரில் முன்பும் ஒருமுறை அவரைப் பற்றி எழுதினேன். எழுதியதில் தன்னைக் கஞ்சனாகக் காட்டிவிட்டேன் என்று இன்னும் குறைபட்டுக்கொள்கிறார். கஞ்சன்தான், ஆனால் தேத்தண்ணி விஷயத்தில் இல்லை.

அவருக்கும் ஒரு துருக்கி இருந்தது. போனில் தமிழில் ஓடும் துருக்கித் தொடர்கள், குதிரைகள், வாள்கள். அதைவிட முக்கியம் அந்த நாட்டுத் தலைவர். பலஸ்தீனத்துக்காக உலக மேடையில் வாய் திறக்கிற ஒரே மனிதர் அவர்தான் என்பது நானாவின் முடிவு. இஸ்தான்புல்லில் பள்ளிவாசலாக இருந்து பிறகு அருங்காட்சியகமாகிய பழைய கட்டடத்தை மறுபடி பள்ளிவாசலாக்கிய நாளில் அவர் வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார். அதற்கும் முன்னால் அது தேவாலயமாக இருந்தது என்று நான் சொன்னேன். "டீச்சருக்கு எதையும் முழுசாச் சந்தோசமா விழுங்கத் தெரியாது" என்றார்.

இடைவேளையில் பார்வதியக்கா நானாவின் கடை வாசலில் போய் நிற்பார். இஸ்தான்புல்லில் மதியச் சாப்பாட்டு நேரம், எங்களுக்குப் பின்னேரத் தேத்தண்ணி நேரம். மகன் போன் எடுப்பது அப்போதுதான்.

"உங்கட மகனுக்கு என்ன குறை அக்கா? நல்ல நாடு" என்றார் நானா, முதல் நாள்.

"பேப்பர் இல்லை நானா. விசா முடிஞ்சு எத்தனையோ மாசம். உடுப்புத் தைக்கிற இடத்தில அயன் பண்ணுறான். ரோட்டில பொலிஸ் கண்டாப் பிடிக்கும்."

நானா கதிரையை இழுத்துப் போட்டார். "என்ன சாப்பிடுறானாம்?"

"பாணும் பருப்புச் சூப்புமாம்."

"அகதியளை அவங்க பாத்த மாதிரி வேற நாடு பாக்கயில்ல, டீச்சர்" என்று நானா என்னிடம் திரும்பினார், ஏதோ நான்தான் குற்றம் சொன்னதுபோல. அதுவும் உண்மைதான். இலட்சக்கணக்கான சிரிய மக்களுக்கு அந்த நாடு இடம் கொடுத்தது. கோகுலன் பொலிஸுக்குப் பயந்து நடைபாதை மாறி மாறிப் போவதும் உண்மை. எங்கள் நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதில் குழப்பம் வராது.

பஸ் தரிப்பிடம்

எரிபொருளுக்கும் காஸுக்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்ற வருடத்தில் கோகுலன் போனான். உரமில்லாமல் தோட்டம் படுத்துவிட்டது. ஏஜென்சிக்காரன் அவனுக்குச் சொன்னது, துருக்கி என்பது ஒரு பஸ் தரிப்பிடம் மாதிரி. இறங்கி ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் அடுத்த பஸ் வரும், கிரேக்கத்துக்கு.

பஸ் வரவில்லை. அவன் தையற்சாலையில் சேர்ந்தான். நிலத்துக்குக் கீழே ஒரு அறை, சுற்றிலும் மெஷின், நடுவில் நீராவி அயன்பெட்டி. மேசைக்கு இந்தப் பக்கம் சிரியாக்காரன், அந்தப் பக்கம் ஆப்கான்காரன். கூடத் தங்கியிருந்தவன் பூநகரியைச் சேர்ந்த டிலக்சன். இருவரும் ஒரே விமானத்தில் போனவர்கள்.

வேலை பழக்கியவரை அவர்கள் 'உஸ்தா' என்பார்கள். உஸ்தாவுக்குத் தலைவரைப் பிடிக்கும். அவருடைய தம்பிக்குப் பிடிக்காது. தேத்தண்ணி வரும்போதெல்லாம் இருவருக்கும் சண்டை. நாணயம் விழுந்தால் சண்டை, வெங்காயம் ஏறினால் சண்டை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போவார்களாம். வெளிநாட்டுக்காரர் கூடிப்போனார்கள் என்பதில்.

"அதை எங்களை வச்சுக்கொண்டே கதைப்பினம் அம்மா. பேந்து எங்களுக்கும் தேத்தண்ணி ஊத்தித் தருவினம்" என்று அவன் சொன்னதைப் பார்வதியக்கா அப்படியே வந்து சொன்னார். அது எனக்கு நூறு புத்தகத்துக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புத்தகத்தில் நான் வாசித்தது பொய்யில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஓமந்தை

ஒரு சனிக்கிழமை எல்லையைப் படிப்பித்தேன். ஐரோப்பாவுக்குப் போகிறவர்களைத் துருக்கி தடுத்து வைக்க வேண்டும், அதற்கு ஐரோப்பா பணம் தரும் என்று ஒரு உடன்பாடு. சில வருடங்களுக்குப் பிறகு இரண்டு பக்கமும் மனக்கசப்பு. இனிமேல் போகிறவர்களை மறிக்க மாட்டோம் என்று துருக்கி அறிவித்தது. சனம் குழந்தைகுட்டியோடு கிரேக்க எல்லைக்கு ஓடியது. அந்தப் பக்கத்துக் கதவு பூட்டியபடியே கிடந்தது. கண்ணீர்ப்புகை அடித்தார்கள்.

"ஓமந்தை எண்டு சொல்லுங்கோ" என்று பின்வாங்கிலிருந்து குரல் வந்தது.

வகுப்பு முழுவதற்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இந்தப் பிள்ளைகள் யுத்தத்தில் கைக்குழந்தைகள். இருந்தாலும் ஓமந்தை தெரியும். கண்டிவீதியில் வன்னிக்குள் வருவதற்கும் வெளியே போவதற்கும் இருந்த வாசல். இந்தப் பக்கம் இயக்கத்தின் பாஸ், அந்தப் பக்கம் இராணுவத்தின் பாஸ். திறந்தால் திறப்பு, பூட்டினால் பூட்டு. யார் ஏன் பூட்டினார்கள் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

பார்வதியக்கா அன்று எழுந்து நின்று சொன்னார். கோகுலனுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்த வருடம். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அவரோடு நின்ற சிலர் காத்திருக்க முடியாமல் காட்டுப் பாதையால் இறங்கினார்கள். இவர் இறங்கவில்லை. பாலை மரத்துக்குக் கீழே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து இருந்தார். கடைசியில் நோயாளரை மட்டும் விட்டார்கள். பிள்ளை தப்பியது. காட்டால் போனவர்களில் இரண்டு பேரை மிதிவெடி எடுத்தது.

"பூட்டின பாதை திறக்கும். நிக்கிறவன் போவான். பாயிறவன் சாவான். அவனுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறன், நில்லு எண்டு."

ஒரு தாய் தன் பிள்ளையைக் காப்பாற்றிய வழியை யார் பிழை என்று சொல்வது? எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது. அந்தப் பூட்டைப் பூட்டியவர்களுக்கு நாங்கள் எதிரில் நிற்கிற சனம். துருக்கிக்கும் ஐரோப்பாவுக்கும் கோகுலன் அதுகூட இல்லை. பேரம் பேசும்போது மேசையில் எடுத்து வைக்கிற ஒரு தலைக்கணக்கு.

இரண்டு பேர்

தேர்தல் நெருங்கியது. பலகையை இரண்டாகப் பிரித்து நடுவில் கோடு கிழித்தேன். இந்தப் பக்கம் ஆளும் தலைவர். அந்தப் பக்கம் எதிர்க்கட்சிகள் சேர்ந்து நிறுத்திய வேட்பாளர். பொருளாதாரம், நீதிமன்றம், ஐரோப்பா, ரஷ்யா என்று வித்தியாசங்களை எழுதிக்கொண்டே போனேன். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள்.

முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றுக்கு முன்னால் பேச்சு மாறியது. வந்தேறியவர்களை அனுப்புவோம் என்ற சுவரொட்டிகள் இஸ்தான்புல் முழுவதும் ஒட்டப்பட்டன. கோகுலன் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.

"டீச்சர், இந்த இரண்டு பேரில என்ர பிள்ளைக்கு ஆர் நல்லவர்?"

நான் பலகையைப் பார்த்தேன். அவ்வளவு எழுதியிருக்கிறேன், அவருடைய கேள்விக்கு அதில் ஒரு வரி இல்லை.

"ஒராள் கெதியா அனுப்புவம் எண்டுறார். மற்றவர் மரியாதையா அனுப்புவம் எண்டுறார்" என்றேன்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் அக்கா."

"தேர்தல் எண்டா அப்பிடித்தான் கத்துவினம். முடிய எல்லாம் அடங்கும். பாதையும் திறப்பினம். அதுவரைக்கும் அவன் நிக்கட்டும்" என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "பார்வதியக்கா, கடைசிப் பூட்டு திறந்ததோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு விளங்கியது. அங்கே இருந்த வளர்ந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருக்கும் விளங்கியது. கடைசி முறை, யுத்தம் முடிகிற மாதங்களில், பாதை எங்களுக்குத் திறக்கவில்லை. நின்றவர்களும் செத்தார்கள். மிஞ்சியவர்கள் வட்டுவாகல் பாலத்தால் வெறுங்கையோடு வெளியே வந்தோம். பிறகு எங்களை பஸ்ஸில் ஏற்றி, அதே ஓமந்தையில் இறக்கி, வரிசையில் நிறுத்திச் சோதித்துத்தான் முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

கோபம் வந்தால் பார்வதியக்காவின் வாயில் தாய் தகப்பன் மலையகத்திலிருந்து கொண்டுவந்த தமிழ் வந்துவிடும். "படிச்சவங்க நீங்க. என்ன வேணும்னாலும் பேசலாம்" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு மனம் சரியில்லை. ஆனால் நான் சொன்னது பொய்யும் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வழி

வந்தார். வகுப்புக்குள் வராமல் நானாவின் கடை வாசலில் இருந்தார். இடைவேளையில் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

ஏஜென்சிக்காரன் பேசியிருக்கிறான். இரண்டாம் சுற்று வாக்களிப்பு நாளில் பொலிஸ் எல்லாம் வாக்குச்சாவடிகளில் நிற்கும், கிரேக்க எல்லை ஆற்றங்கரையில் ஆள் குறைவாக இருக்கும், அன்றைக்குக் கடக்கலாம் என்று. டிலக்சன் போவதாகச் சொல்லிவிட்டான். கோகுலனும் போகப்போகிறேன் என்கிறான். "நிண்டு நிண்டு களைச்சுப்போனன் அம்மா" என்றானாம்.

"அந்த ஆத்தில ஆக்கள் செத்திருக்கினமோ டீச்சர்?"

"ஓம் அக்கா."

"அவனுக்கு நீந்தத் தெரியாது. தர்மபுரத்தில எங்க நீந்துறது?"

நிஸார் நானா பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றார். பார்வதியக்கா கோப்பையைத் தொடவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்கள் அண்டைக்குச் சொன்னதைக் கிழமை முழுக்க யோசிச்சனான். ஓமந்தையில எனக்கு ரெண்டு வழிதான் இருந்தது. நிக்கிறது, இல்லாட்டிப் பாயிறது. திரும்பிப் போகலாம் எண்டு நான் நினைக்கவேயில்லை. திரும்பிப் போக எங்க இடம்? பின்னால செல் விழுந்துகொண்டிருந்தது. இவனுக்கு அப்பிடி இல்லையே. இவனுக்குப் பின்னால வீடு இருக்கு."

இத்தனை வாரமாக எல்லையையும் உடன்பாட்டையும் தேர்தலையும் படிப்பித்த எனக்கும் அந்த வழி தோன்றியிருக்கவில்லை. எங்கள் தலைமுறைக்கே தோன்றாது. வெளியே போனவன் திரும்பி வருவதை நாங்கள் ஒரு வழியாக எண்ணுவதில்லை. தோற்றவன் கணக்கில்தான் சேர்ப்போம்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் நீராவி சீறுகிற சத்தம் கேட்டது.

"கோகுல், நான் நில்லு எண்டும் சொல்லேல்லை, போ எண்டும் சொல்லேல்லை. வீட்டை வா."

"வந்து?"

"வந்து சாப்பிடு."

"ஊர்ச்சனம் சிரிக்கும் அம்மா."

"சிரிக்கட்டும். சிரிக்கிற சனமே உனக்குச் சோறு போடப்போகுது?"

நானா குனிந்து போனுக்குக் கிட்ட வாயை வைத்து, "தம்பி, நான் நிஸார். கடைக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். கடைக்கு ஆள் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குள் அழைப்பு அறுந்துவிட்டது.

வாக்களிப்பு நாளில் அவன் எடுக்கவில்லை. அடுத்த நாள் விடியவும் எடுக்கவில்லை. ஆளும் தலைவரே வென்றார் என்று செய்தி வந்தது. தர்மபுரத்துக்குப் போனேன். பார்வதியக்கா முற்றத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஆர் வென்றது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அழைப்பு வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. டிலக்சனோடு வான் நிற்கிற இடம்வரை போயிருக்கிறான். அவனை ஏற்றிவிட்டு, தான் ஏறாமல் திரும்பிவிட்டான். தாயிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் போனை அணைத்து வைத்திருந்திருக்கிறான்.

"எந்தப் பக்கம் திரும்பினனீ?" என்று பார்வதியக்கா கேட்டார்.

"வீட்டுப் பக்கம்தான்."

அப்போதுதான் அவர் அழுதார்.

ஒரு தெரு, ஒரு மேசை

இஸ்தான்புல் விமான நிலையத்தில் தண்டம் கட்டச் சொன்னார்கள், கட்டக் காசில்லை. இனிச் சில வருடத்துக்குத் துருக்கிக்குள் வரக்கூடாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். கிளிநொச்சியில் பஸ்ஸால் இறங்கிய கோகுலனைப் பார்த்தேன். மெலிந்திருந்தான். வலது முன்கையில் அயன் சுட்ட தழும்புகள்.

ஊர்ச்சனம் சிரித்தது. கொஞ்ச நாளில் சிரிப்பதற்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது.

வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்குத் துருக்கியைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். மாட்டேன் என்றான். "எனக்குத் துருக்கி தெரியாது டீச்சர். ஒரு தெருவும் ஒரு மேசையும்தான் தெரியும்" என்றான். இருந்தும் ஒருநாள் நானாவின் கடையில் இருந்து, உஸ்தா தன்னை அனுப்பும்போது கட்டித் தந்த பாணைப் பற்றியும், அதே மனிதர் யாருக்கு வாக்குப் போட்டார் என்பதைப் பற்றியும் சொன்னான். நானா காது கொடுத்துக் கேட்டார். தலைவரைப் பற்றிய தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றச் சொல்லிக் கோகுலனும் கேட்கவில்லை.

டிலக்சனைப் பற்றிப் பல மாதம் தகவல் இல்லை. பூநகரியில் அவன் தாய் ஏறாத கோயில் இல்லை. பார்வதியக்கா இரண்டு தரம் பஸ் மாறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்டும் கதைக்கேல்லை. பக்கத்தில இருந்தனான்" என்றார். தன் பிள்ளை முற்றத்தில் நிற்கும்போது இன்னொரு தாய்க்கு என்ன ஆறுதல் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் உலகம் ஒருபக்கம் மாறிக்கொண்டே இருந்தது. சிரியாவில் ஆட்சி விழுந்தது. துருக்கியிலிருந்து சிரிய மக்கள் ஊருக்குத் திரும்பத் தொடங்கினார்கள். கோகுலனின் மேசைக்குப் பக்கத்தில் நின்றவனும் போய்விட்டானாம், இடிந்த வீட்டுக்கு. இஸ்தான்புல்லின் நகரபிதாவைச் சிறையில் போட்டார்கள் என்று தெருவெல்லாம் சனம் இறங்கியது. என் பலகையில் அம்புக்குறிகளை அழித்து அழித்துக் கீறவேண்டி இருந்தது.

தர்மபுரத்தில் ஒரு காலை

போன மாசியில் தர்மபுரத்துக்குப் போனேன். கச்சான் கடலை பிடுங்குகிற நேரம். தாயும் மகனும் ஆளுக்கொரு நிரையில் நின்றார்கள். செடியைப் பிடித்து இழுத்து, மண்ணை உதறி, வரம்பில் போட்டார்கள். நானும் கொஞ்ச நேரம் பிடுங்கினேன். இடுப்பு விட்டுப்போய் வரம்பில் இருந்துவிட்டேன்.

கோகுலன் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் போனை எடுத்துக் காட்டினான். டிலக்சன். தலையில் கம்பளித் தொப்பி, பின்னால் முழங்கால் அளவு பனி. ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"போன கிழமைதான் பேப்பர் கிடைச்சதாம்" என்றான். பிறகு, கோபமில்லாமல், ஒரு கணக்கைச் செய்து முடித்தவன் மாதிரிச் சொன்னான். "நீங்கள் படிப்பிச்சது எல்லாம் சரிதான் டீச்சர். பாதை பூட்டுத்தான். எண்டாலும் அவன் போயிட்டான்."

எத்தனை பேர் போய்ச் சேரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆற்றைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டிருந்த அந்த முகத்துக்கு முன்னால் அது எதுவும் பேச்சாகத் தெரியவில்லை. அவன் இங்கே உயிரோடு நிற்பது எனக்குச் சந்தோசம். அந்தச் சந்தோசத்தை அவனிடம் காட்டவும் கூச்சமாக இருந்தது.

பார்வதியக்கா போனை வாங்கி, வெயில் படாமல் முந்தானையால் மறைத்துப் படத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கட்டும். தாய் இண்டைக்கு நித்திரை கொள்ளுவா" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா அவ இனி அவனை இதுக்குள்ளதான் பாக்கவேணும். எனக்கெண்டா நேர நிண்டு ஏசலாம்."

"நான் திரும்பவும் போவன் அம்மா" என்றான் கோகுலன். "துருக்கியால இல்லை. வேற பக்கத்தால."

அவர் நிமிரவில்லை. கையிலிருந்த செடியை உதறினார்.

"போ. ஆர் மறிச்சது? இப்ப இந்த நிரையைப் பிடுங்கு."